அன்ரன்ர தோட்டாவும் என்ர தோளும்

துவக்குக் கடையில வேலை எண்டால் சனம் சண்டைப்படம் எண்டு நினைக்குது. உண்மையில துவக்குக்கு எண்ணெய் பூசி, தோட்டா செய்யிற சாமான் வித்து, மான் வேட்டைக்காரர் விடுற புளுகுக்குத் தலையாட்டிற வேலை. பக்கத்தில நிக்கிறவன் உங்களைவிடத் திறமாச் செய்யிறதைப் பாத்து வயிறெரியிற ஆக்களே, கிட்ட வாங்கோ, இது எங்கட கதை.

எங்கட கடை லண்டனில சட்டன் பக்கம். என்னோட நிக்கிறவன் அன்ரன், மன்னார்ப் பெடியன், ஞாயிறு பூசைக்கும் எனக்கு முன் வாங்கில்தான். ரெண்டு பேரும், சுட்டால் தோளில உதைக்கிற மக்னம் ரைபிளுக்குத் தோட்டாவைக் கையாலதான் அடைக்கிறம். பித்தளைக் கோது, உள்ளுக்கு வெடிமருந்து, முனையில குண்டு. முதலாளி சொல்லிப்போட்டார், ஸ்கொட்லாந்து மான் வேட்டைக்கு இந்தமுறை ஒருத்தரைத்தான் கூட்டிக்கொண்டு போவாராம். ஆற்ர சூடு ஒண்டோடொண்டு கிட்ட விழுகுதோ அவருக்குத்தான் இடம்.

ஹவுன்ஸ்லோ டொக்டர்

இந்த டொக்டர் எங்கட கடை வாடிக்கைக்காரர், தமிழ்நாட்டுக்காரர். குண்டைக் கோதுக்குள்ள எவ்வளவு ஆழத்துக்கு அமத்திறது எண்டு கேட்டு வந்தவர். நான் சும்மா சொல்லுவனே? வெள்ளைக்காரப் பிரபு மாதிரி மூக்கால கதைச்சு, முதலாளி மாதிரி இருமி, ஒரு நாடகமே போட்டு விளக்கினன். மனுசன் மேசையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சொன்னார்:

“சூப்பர் அண்ணே! சரி, அன்ரன் எப்ப வருவாரு? அவர்கிட்ட இதக் கேக்கணும்.”

புதுத் தராசு

அவனை வெல்ல ஒரு தராசு வாங்கினன். மூச்சு விட்டாலும் முள்ளு ஆடுமாம், அதால மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மருந்து நிறுத்தன். மனுசி வந்து பாத்திட்டு, எனக்கு நெஞ்சு நோவாக்கும் எண்டு அம்புலன்சுக்கு அடிக்கப் போனவள்.

சுடுற இடத்தில அன்ரன்ர மூண்டு ஓட்டையையும் ஒரு அஞ்சு பென்ஸ் காசுக் குத்தியால மூடலாம். அவன்ர தராசு, துருப்பிடிச்ச பழசு! முதலாளி ஓட்டை சிதறிக் கிடந்த என்ர குறிக் கடதாசியைத் தூக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்:

“ஓ டியர், இந்தப் பாவத்துக்கு அம்மை போட்டிட்டுதோ?”

மாயத்தைப் பிடிச்ச நாள்

“அவன்ர சாமானில ஏதோ மாயம் கிடக்கு, மாத்திச் சுடுவம்” எண்டு முதலாளியிட்டச் சண்டை பிடிச்சன். அவர் ஓம் எண்டார். அன்ரன்ர ரைபிள், அன்ரன்ர தோட்டா, சுடுறது நான். அவனே ஒவ்வொண்டாய்ப் போட்டுத் தந்தான். முதல் சூடு எங்கயோ போச்சு. “பாத்தியளே, ரைபிளும் சரியில்லை” எண்டன்.

ரெண்டாவதுக்கு விசையை அமத்தினன். “ட்டிக்.” வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனா என்ர தோள் பின்னால பாய்ஞ்சுது, குழல் கீழ குத்துப்பட்டுது, கண் ரெண்டும் இறுக்கி மூடி, “ஐயோ அம்மா” எண்டு சத்தம் வேற! முதலாளிக்குச் சொல்லிப்போட்டு, மருந்தில்லாத வெறுந்தோட்டாவைப் போட்டுத் தந்திருக்கிறான் கள்ளன். மருந்து, குண்டு, தராசு ஒண்டிலயும் பிழை இல்லை. உதைக்குப் பயந்து நான்தான் ஒவ்வொரு முறையும் துவக்கை ஆட்டியிருக்கிறன். நிண்ட சனம் முழுக்கச் சிரிக்க, அன்ரன் மட்டும் சிரிக்காமல் சொன்னான்:

“அண்ணை, ஊரையெல்லாம் நடிச்சுக் காட்டிறனியள், இப்ப வெடிக்காத துவக்கையும் நடிச்சுக் காட்டிப்போட்டியள்.”

இப்ப அவன் ஸ்கொட்லாந்தில மானுக்குக் குறி பாக்கிறான், நான் சட்டனில அவன்ர மேசையையும் சேத்துத் துடைக்கிறன். வயிறு எரியிறது கொஞ்சமும் குறையேல்லை, ஆனா இப்ப கண்ணைத் திறந்துகொண்டு எரியிறன்.