முற்றட்டும் என்று காத்திருந்த கண்

மூத்த பேத்திக்கு டீச்சர் நியமனம் வந்துவிட்டது. அடுத்த பேரன் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்திருக்கிறான். கடைக்குட்டி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ். நான் படிப்பை விட்ட அதே வகுப்பு. இதையெல்லாம் ருவான்வெல்லை பஸ் நிலையத்தில் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டு நின்றபோதுதான், எங்கள் ரப்பர் தோட்டத்துக் கங்காணி வந்து, "செல்லம்மா போயிட்டாங்க" என்றார். சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை வியாதி, சிறுநீரகத்தையும் தின்றுவிட்டதாம்.

செத்த வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் விதி என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாவது!

இருபது வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ரப்பர் பால் வெட்டினோம். செல்லம்மாவின் கத்தி பட்டையில் ஓடினால் மரத்துக்குக் காயமே இருக்காது. ஒருநாள் வெட்டு ஆழமாக இறங்கியிருந்தது. கங்காணி சத்தம் போட்டார்.

"கண்ணு முன்னால கொசு பறக்குதுங்க ஐயா."

"கொசுவையும் சேத்து வெட்டிறாத தாயி!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா டோர்ச் அடித்துப் பார்த்து, "கண்ணுல புரைதான். முத்தட்டும், எடுக்கலாம்" என்றார். சீனிக்கு மாத்திரை கொடுத்ததும் அவரேதான்! அவரைவிடப் பெரிய டாக்டராக நான் போய் நின்றேன். எனக்குப் புரை எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "எனக்கும் இப்படித்தான்டீ இருந்துச்சு. பொறுத்துக்க, ஒரே நாள்ல எடுத்துருவாங்க" என்றேன். பார்வை மங்க மங்க, நல்லது, முற்றுகிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு வருடம் இப்படியே போனது.

வலது கண்ணில் கறுப்பாகத் திரை விழுந்த பிறகுதான் கொழும்புக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. இது புரையே இல்லை. சீனியால் கண்ணின் பின்பக்கத்து விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது. சீனி உள்ளவர்கள் மங்கல் தெரியுமுன்பே வருடா வருடம் காட்ட வேண்டும். நேரத்தோடு வந்திருந்தால் லேசர் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காக்கத்தான் லேசர், போனது வராது.

திரும்பும் பஸ்ஸில் என் கையைத் தடவிப் பிடித்து, "அழாதடீ. நீ அழறது எனக்கா தெரியப்போவுது?" என்றாள். அதன்பிறகு அவள் கத்தியைத் தொடவில்லை.

போன வாரமும் அந்த ஐயா, சீனி உள்ள ஒருத்திக்கு டோர்ச் அடித்து, "முத்தட்டும்" என்றாராம். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன்.

செல்லம்மா என்னை ஒருநாளும் திட்டவில்லை. அவள் திட்டாமல் விட்டதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் இருக்கும் அவள் மகனுக்கு ஒன்று சொல்கிறேன். அஞ்சலித் தாளில் கண் நன்றாக இருந்த காலத்துப் படத்தைப் போட்டிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறாள். எனக்கு அது வேண்டாம். பார்வை போன பிறகு எடுத்த புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு. டிஸ்பென்சரிக் கதவில் ஒட்ட வேண்டும்.