இறைக்க வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்த நோட்புக்

பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போகையில்தான் அந்த யோசனை வந்தது. கணினியில் நான் கோட் எழுதி ஓடவிடும் நோட்புக்கில் சிதறிக் கிடக்கும் பைதன் கோட்டை ஒரு தனிப் பைலுக்கு மாற்றி, வேண்டிய பங்ஷனை மட்டும் பெயர் சொல்லி நோட்புக்குக்குள் இம்போர்ட் செய்தால் எவ்வளவு துப்புரவாக இருக்கும்! அன்று காலையே செய்து முடித்தேன்.

எங்கள் சின்னக் கொம்பனி புத்தூர்த் தோட்டக் கிணறுகளில் உப்பு அளக்கும் சென்சர் போட்டிருந்தது. தண்ணீர் இறைப்புக்கு ஆகுமா என்று என் நோட்புக் கணித்துக் கமக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். புதுப் பைலோடு ஓடவிட்டேன். எல்லாக் கிணற்றுக்கும் 'இறைக்க வேண்டாம்' என்று போய்விட்டது.

தேடிப் பார்த்தால், அலகு மாற்றும் வரியில் ஒரு பூச்சியம் கூடிப்போயிருந்தது. அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். அதே விடை. அதே பைலில் உப்பின் எல்லையை உயர்த்தினேன். அதே விடை. இன்னொரு இடத்தில் பத்தால் வகுத்தேன். மறுநாளும் அதே விடை.

சிவம் அண்ணை போன் எடுத்தார். எங்களை நம்பித் தன் கிணற்றில் முதன்முதல் சென்சர் போட்ட புத்தூர்க் கமக்காரர்.

"பிள்ளை, வெங்காயம் வாடுது. பக்கத்துத் தோட்டக்காரன் இறைச்சுப்போட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எண்டாலும் நீர் சொல்லாமல் நான் மோட்டர் போடமாட்டன்."

கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அதை எத்தனை தரம் சொன்னேனோ.

பக்கத்து மேசை நிரோஜன் எட்டிப் பார்த்தான். "நோட்புக்கை ஓட்டுற கேர்னலை நிப்பாட்டித் திரும்பத் தொடங்கினியோ? முதல் வாசிச்ச பைலைத்தான் அது இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்குது. கம்பஸில உதைப் படிப்பிக்கேல்லையோ?"

பைலை மறுபடி வாசிக்கச் சொல்லி ரீலோட் செய்தேனே என்றேன். பெயர் சொல்லி இம்போர்ட் செய்த பங்ஷன் அதற்கும் அசையாதாம். கேர்னலை நிறுத்தினால் எல்லா அளவீடுகளையும் எங்கள் மெதுவான இணைப்பில் மறுபடி இறக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் அதைத் தொடாமல் இருந்தேன்.

நிறுத்தித் தொடங்கினேன். இரண்டு நாளாக நான் செய்த திருத்தமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தது. முதல் திருத்தமே போதுமாயிருந்தது; மற்றவை உப்பைக் குறைத்துக் காட்டின. இப்போது, ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் அளந்து வைத்திருந்த தொண்டைமானாற்றுக் கடனீரேரி உப்புத் தண்ணீருக்கும் 'இறைக்கலாம்' என்று வந்தது.

சிவம் அண்ணைக்கு எடுத்து, எங்கள் கணக்கை நம்ப வேண்டாம் என்றேன்.

"அப்ப நேற்றுச் சொன்னதும் பிழையோ?"

ஓம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். பின்னேரம் இறைத்தாராம். பாதி வெங்காயம் நிமிரவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விடை மாறவில்லை என்றால், நீங்கள் திருத்தும் கோட்தானா ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

இனி ஒவ்வொரு காலையும் கேர்னல் புதிதாகத் தொடங்கும். முதலில் தொண்டைமானாற்றுத் தண்ணீரைச் சோதிக்கும். அதற்கு 'வேண்டாம்' என்று வராவிட்டால் ஒருவருக்கும் செய்தி போகாது. சிவம் அண்ணை சென்சரைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டிருக்கிறார். நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய உப்புத் தண்ணீரோடு புத்தூருக்குப் போய், அவர் கண் முன்னால் சோதித்துக் காட்டப்போகிறேன். வேலிப் படலையைத் திறந்து உள்ளே விடுவாரோ தெரியாது.