குடத்தில் விழுந்த பல்

அடி பம்பின் இரும்புக் கைப்பிடிக்கு ஒரு ருசி உண்டு. துருவும் உப்புத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அதைத் தொண்ணூறுகளில் சென்னையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் உள்ளங்கையால் அறிந்திருப்பார்கள். வாயால் அறிந்தவன் நான்.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் ஓட்டு வீடு. கோடை விடுமுறையில், பிற்பகலில் குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். வாசலோரத்து அடி பம்பில் முறைவைத்து அடிப்போம். அன்று என் முறை. எந்த வேலையையும் வேலையாகச் செய்யக் கூடாது என்பது ஒன்பது வயதில் என் கொள்கை. ஆகவே பக்கத்து வீட்டு ரங்கனை நிற்கவைத்து, ஒற்றைக் காலில் ஆடியபடி, கைப்பிடியில் தொங்கித் தொங்கி வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கை வழுக்கியது. கீழே அழுந்தியிருந்த கைப்பிடி விசையோடு எழும்பி என் மேல்வரிசை முன்பல்லில் மோத, பல் வேரோடு கழன்று நேராகப் பித்தளைக் குடத்துக்குள் போய் விழுந்தது. அவ்வளவு குறுகிய வாய்க்குள் நான் குறிபார்த்துப் போட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேரோடு கழன்ற நிரந்தரப் பல்லுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் உயிர். அதற்குள் அதை அதன் குழியிலேயே திரும்ப வைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் எப்படிச் செலவழித்தோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் பகுதியை நான் செலவழித்தேன். நாக்கால் துழாவினால் பல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதன் வழியாக மூளை ஒழுகிவிடும் என்று முடிவுகட்டிவிட்டேன். ரத்தம் வழிய வழிய ஓடிப்போய் அக்கா உஷாவிடம், "என் டிரம்ப் கார்டெல்லாம் நீயே எடுத்துக்கோ" என்று உயில் எழுதாத குறையாகக் கதறினேன். "அதைப் போன வாரமே எடுத்துண்டுட்டேன்" என்றாள் அவள். மூளை போகிற வேதனையோடு அந்த வேதனையும் சேர, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

இரண்டாம் பகுதி தண்ணீருக்குப் போயிற்று. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணா, வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். கணக்கு ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்த விஷயத்துக்கும் கடைசி வார்த்தை அவருடையது. என் வாயைப் பார்ப்பதற்கு முன் குடத்தைப் பார்த்தார். அது பூஜைக்கான குடம்.

"எச்சில் பண்ணிட்டியேடா! இத்தனை ஜலமும் போச்சு. உஷா, கொட்டிட்டுப் புளி போட்டுத் தேய்."

குடம் கவிழ்க்கப்பட்டது, பல் முற்றத்தில் உருண்டது. பெரியப்பா அதை எடுத்து, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தார். வேரில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புச் சவ்வெல்லாம் போய், பல் பளிச்சென்று ஆயிற்று. பிறகு என் ஈறில் ஒரு கரண்டி காபிப் பொடியை அப்பினார். ரத்தம் நின்றதோ இல்லையோ, அழுகை நின்றது; வாயைத் திறந்தால் பொடி தொண்டைக்குள் போயிற்று.

"அண்ணா…" என்று சமையலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவரை அவளும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒண்ணுமில்லைம்மா. பால் பல். விழற வயசுதானே? நீ போய் காபியைக் கல."

பால் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும், அப்போதுதான் அடுத்தது வரிசையாக முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடவீதியில் மாட்டுக்கா பஞ்சம்? ரங்கன் ஓடிப்போய்ச் சுடச்சுட அள்ளிவந்தான். பெரியப்பா பல்லை அதில் புதைத்து, கிழக்கே பார்த்து நின்று, ஒரே வீச்சில் ஓட்டின்மேல் எறிந்தார். உள்ளே அடுப்பில் பால் பொங்கிற்று. எல்லோரும் காபி குடித்தோம். நான் மட்டும் ஆற்றிக் குடித்தேன்.

சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து, வீங்கிய உதட்டைப் பார்த்துப் பதறி, என்னையும் அம்மாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லஸ் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் விளக்கை என் வாய்க்குள் திருப்பிக் காபிப் பொடியைக் கழுவி எடுத்துவிட்டுக் கேட்டார்:

"பல் எங்கே?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் விட்டத்தைப் பார்த்தோம்.

"பால் பல்தானே டாக்டர்?" என்றார் அப்பா.

"பால் பல்னா திரும்ப வைக்கவே கூடாது, சரி. ஆனா இது பால் பல் இல்ல சார், நிரந்தரப் பல். வேரைத் தொடாம வெள்ளைப் பக்கமாப் பிடிச்சு, லேசா அலசி, அந்தக் குழியிலயே வச்சு, ஒரு துணியக் கடிக்கச் சொல்லி உடனே கூட்டிட்டு வந்திருக்கணும். வைக்க பயமா இருந்தா ஒரு டம்ளர் பால்ல போட்டு எடுத்துட்டு வரலாம். தேய்க்கவே கூடாது. வீட்ல பால் இல்லையா?"

இப்போது கொண்டுவந்தால், என்று அப்பா இழுத்தார். காய்ந்த பல்லால் பயனில்லை என்று சொல்லி டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ரங்கன் வாயிலில் நின்று வரவேற்றான்: "இன்னா மச்சி, கதவத் தொறந்து வச்சிக்கினு கீறே, உள்ள யாராவது வர்றாங்களா?" வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் வாயைத் திறக்கும் முன் நானே என்னைப் பற்றி ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். அதையே இன்றுவரை செய்துவருகிறேன். நல்ல நகைச்சுவை உணர்வு உங்களுக்கு என்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் கழற்றி மாட்டும் பல் பஜ்ஜியோடு வந்துவிட்ட கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்காதவர்கள் இல்லை. அந்தப் பெண்ணும் சிரித்தாள், சம்பந்தம்தான் வரவில்லை.

பெரியப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "முளைச்சிருக்கும். நீங்கதான் டாக்டர் கையை வைக்க விட்டுக் கெடுத்துட்டேள்" என்பார். அவர் காரியத்துக்கு வந்தவர்கள், ஒரு விஷயத்திலும் அவர் தவறிப் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டபோது, திருகாணி வைத்துப் புதிதாகப் பொருத்திய பல்லால் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று அந்த வீடு இல்லை; அடுக்குமாடி. பம்பு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. சாணியைத் தேடினால் மாடவீதியிலும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, எறிய ஓடும் இல்லை. அம்மா என்னோடு அசோக் நகரில் இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன் வாயைத் திறக்கத் தெரியாதவள் என்றே அவளை இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன மாதம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாம்மா? பல்லாவது மிஞ்சியிருக்கும்."

அவள் நிமிரவில்லை.

"சொன்னேனேடா. இது பால் பல் இல்லை, அது முன்னாடியே விழுந்து நான்தான் எறிஞ்சேன், டாக்டர்கிட்ட போலாம்னு, அவர் காபிப் பொடி அப்பறதுக்கு முன்னாடியே உள்ளேர்ந்து கத்தினேன். நீ அழுத அழுகைல உனக்குக் கேக்கலை."

ஒரு ஈர்க்கை உருவி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அவருக்குக் கேட்டுது."