செஞ்சி ஸ்பெஷலில் பெண் பார்த்த கதை

1. கோடை ஸ்பெஷல்

திண்டிவனத்தில் நான் கண்டக்டராக வேலை பார்த்த கம்பெனியில், மே மாதம் பிறந்தால் முதலாளிக்குத் தலைவலி பிறந்துவிடும். பள்ளிக்கூடம் லீவு, கோர்ட்டும் லீவு. பஸ் பாதி காலியாகவே ஓடும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பெஷல் பர்மிட் எடுத்துக் குடும்பங்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போவது. ஒரு வாரம் செஞ்சிக்கோட்டை, ஒரு வாரம் மரக்காணம் கடல், ஒரு வாரம் மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திருவக்கரை கல்மரம்.

"பாறையையும் தண்ணியையும் பாக்கறதுக்கு எவன்யா காசு குடுப்பான்?" என்றார் எங்கள் டிரைவர். முதல் ஞாயிறே ஃபுட்போர்டு வரைக்கும் ஆள். புளிசோற்று மூட்டை, தயிர்சாதத் தூக்கு, கைக்குழந்தைக்குத் தூளி கட்டப் பழைய புடவை என்று வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து ஏறினார்கள். திருவக்கரையில் ஒரு பெரியவர் கல்மரத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம்னு கூட்டியாந்து கல்லைக் காட்டுறியே, நாயமா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். கிளம்பும்போது அவர்தான் கடைசியாக, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏறினார்.

இந்த ஜனங்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வருஷம் முழுக்கக் கழனியில் கிடப்பவர்கள், ஒரே ஒரு நாள் ஒரு வேலையும் செய்யாமல் எதையாவது பார்த்துவிட்டு வருவதற்காக இருட்டிலேயே குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நமக்கே வேலை அலுப்புத் தெரியாது.

2. செஞ்சி

அந்தக் கோடையின் நான்காவது டிரிப் மறுபடியும் செஞ்சி. டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தபோது வானூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பெயர் முனியம்மாள். பக்கத்தில் மகன் தேவராசு, மீசை அரும்பிக் கட்டுமஸ்தாக இருந்தான்.

"தம்பி, கோட்டைக்குப் படி செங்குத்தா இருக்குமா?"

"ஆமாம்மா. நல்லா மூச்சு வாங்கும்."

எல்லோரும் இதைக் கேட்டு முகம் சுருங்குவார்கள். இந்த அம்மாளுக்கோ முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். முன் சீட்டில் கிளியனூர்க்காரர் ஒருவர் மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அஞ்சலையைத்தான் இவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள்.

"காலு கொஞ்சம் ஒருமாதிரின்னு காதுல விழுந்துச்சி. ஊட்ல போய்ப் பாத்தா இன்னா தெரியும்? பூ வச்சிப் பாயில உட்கார வச்சிடுவாங்க. படி ஏற உட்டுப் பாத்தா தெரிஞ்சிடும் இல்ல?"

அஞ்சலையின் அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்று போய்விட, தெருவே பேச ஆரம்பித்திருந்தது. வெளியூரில் பார்த்தால் நாலு பேருக்குத் தெரியாது என்று அவர் சம்மதித்திருக்கிறார். வெங்காயம் வாங்குகிறவன்கூட இப்படி உருட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த அம்மாள்மேல் நல்ல கோபம்.

கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் பஸ் நின்றது. இறங்கியதுமே தெரிந்துவிட்டது. அஞ்சலைக்கு இடதுகால் சற்றுக் குட்டை. சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்து எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம். மலையை அண்ணாந்து பார்த்த அவளுடைய அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். ஏதாவது சாக்கு சொல்லி எம்பொண்ணைக் கீழயே நிறுத்திடு. ஏறினா இந்த எடமும் போச்சி."

கண்டக்டருக்குச் சாக்கா பஞ்சம்? விசிலை ஊதி, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "ஏற முடியாதவங்க எல்லாம் கீழயே இந்தக் கல்யாண மகால் மண்டபத்து நிழல்ல உட்காருங்க!" பிறகு அஞ்சலையிடம் போய், "ஏம்மா, கைக்குழந்தைக்காரங்க நாலு பேரு கீழ இருக்காங்க. துணைக்கு நீ இரேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க குடுத்த டிக்கெட்டு கல்யாண மகாலுக்கா, கோட்டைக்கா?"

"கோட்டைக்குத்தான்."

"அப்ப உடுங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். வலது காலை ஒரு படியில் வைப்பாள், இடது காலைக் கொண்டுவந்து அதனோடு சேர்ப்பாள். மறுபடி வலது. அவ்வளவுதான். இளவட்டங்கள் ஓடுவதும் உட்காருவதுமாக இருந்தார்கள். இவள் ஓடவுமில்லை, உட்காரவுமில்லை. இரண்டு படி பின்னால், அந்தக் காலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் முனியம்மாள். எல்லோருக்கும் கடைசியில் ஆள் விட்டுப் போகாமல் பார்க்க நான். தேவராசுவோ கூட்டாளிகளோடு எப்போதோ மேலே போய்விட்டான்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டியதும் வெயில் ஏறியது. கத்திரி வெயிலில் செஞ்சிப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். முனியம்மாள் தலை சுற்றிப் படியிலேயே சாய்ந்துவிட்டார். "தேவராசு! டேய் தேவராசு!" என்று நான் கத்தினேன். மலைதான் பதில் சொன்னது.

அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்குச் சிரமம். பாறையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கி வந்தாள். தன் தூக்கிலிருந்த நீர்மோரைக் குடிக்க வைத்து, முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளுக்குக் கண் தெளிந்தது.

"என்னால ஆவாது பொண்ணே. நீ போ."

"இவ்ளோ தூரம் வந்துட்டு மேல பாக்காம போவீங்களா? என்ன மாதிரி ஏறுங்க. ஒரு காலை வைங்க. இன்னொரு காலை அதுங்கிட்ட கொண்டாந்து சேருங்க. மூச்சு வந்தப்புறம் அடுத்த படி. ஜல்தியே வேணாம்."

பின்னாலிருந்து நான் பார்த்தேன். எந்த நடையைக் குற்றம் கண்டுபிடிக்க வந்தாரோ, அதே நடையில் அந்த அம்மாள் ஏறினார். இரண்டு பேரும் ஒன்றாகக் காலை வைத்து, ஒன்றாகச் சேர்த்து, கை கோத்துக்கொண்டு போனார்கள். என் கண் நிறைந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் நிறைகிறது.

உச்சியில், பிளவின்மேல் போட்டிருக்கும் மரப்பாலத்தைத் தாண்டியதும் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே ஏரியும் கழனியும் பரந்து கிடந்தன. முனியம்மாள் அதையெல்லாம் பார்க்கவில்லை. "உன் காலைப் பாக்கத்தாண்டி நான் வந்தேன்" என்று அழுதார்.

"தெரியும். பின்னாடியே வந்துகினு இருந்தீங்களே" என்றாள் அஞ்சலை.

அதற்கப்புறம் வந்த செஞ்சி டிரிப்புகளில் "ஏற முடியாதவங்க" என்று கூவுவதை விட்டுவிட்டேன். படி எப்படி, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே என்பதை மட்டும் சொல்வேன். ஏறுவதா வேண்டாமா என்பது டிக்கெட் வாங்கியவர்கள் பாடு.

திரும்பும் வழியில், ஓடுகிற பஸ்ஸில் முனியம்மாள் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அஞ்சலையின் அப்பாவைக் கேட்டார். "அண்ணே, உங்க பொண்ணை எம்புள்ளைக்குக் குடுங்க."

அப்பா கும்பிடவே கையெடுத்துவிட்டார். அஞ்சலை அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இருப்பா. அவங்க என்னைப் பாத்துட்டாங்க. நான் அவரைப் பாக்கலையே. பெத்த அம்மா பாதி மலையில உழுந்து கெடக்கறாங்க, இவரு மேல காத்து வாங்கினாரு. என்னை எந்தப் படியில உட்டுட்டுப் போவாரோ?"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. தேவராசு தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை கடலுதானே?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். "அவரும் வரட்டும். முன்னாடி போறாரா, கூட வர்றாரான்னு நான் பாக்கணும்."

3. மரக்காணம்

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. வருவானா? இந்தக் காலத்துப் பையன்கள்கூட ரோஷப்பட்டு வராமல் இருந்துவிடுவார்கள். அஞ்சலைக்கு வேறு இடம் அமையும் என்று அவளுடைய அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிறு விடியற்காலை நான் டெப்போவிலிருந்து வருவதற்கு முன்பே தேவராசு அம்மாவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான்.

மரக்காணத்தில் ரோட்டில் இறங்கிக் கடல்வரைக்கும் மணலில் நடக்க வேண்டும். குழந்தைகள் ஓடினார்கள். அவன் கூட்டாளிகளும் ஓடினார்கள். "வாடா தேவராசு!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் போகவில்லை. அம்மா நின்றபோதெல்லாம் நின்றான். மணல் சுட்டபோது தன் துண்டை விரித்து அதன்மேல் நிற்க வைத்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி, "யாரு பெத்த புள்ளையோ!" என்று சிரித்தாள். அவனுக்குக் காதெல்லாம் சிவந்தது. ஆனாலும் கடல்வரைக்கும் அப்படித்தான் போனான்.

அஞ்சலை சற்றுப் பின்னால் வந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ் கிளம்ப விசிலை வாயில் வைத்தேன். அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். காதுவரைக்கும் வெட்கம்.

"அண்ணே, எங்கப்பாவை அவரு அம்மாவுக்குப் பக்கத்து சீட்ல மாத்தி உட்கார வைங்களேன். பேசிக்கட்டும்."

புதிதாகச் சேரும் கண்டக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது சீட்டு மாற்றிக் கேட்டால் வள்ளென்று விழாதீர்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்கென்ன தெரியும்?