பொட்டு வைத்த ரிமோட்டு

அரைத்த சந்தனம் ஈரமாக இருக்கும்போது ஒரு குளிர்ந்த வாசனை வரும், புது பிளாஸ்டிக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மூக்கைக் குத்துகிற வாசனை ஒன்று வரும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே பொருளிலிருந்து வந்ததை எங்கள் வீட்டு டிவி கேமில்தான் முகர்ந்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அப்பா அதை வாங்கித் தந்தார். சங்கராபுரம் பஸ்ஸில் வீடு வருகிறவரை பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். வாசலில் கால் வைத்ததும் அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, நேராகக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

அப்பா லோடுமேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்குகிற லாரிகளில் ஏறிப் போவார். மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் 'கொக்கி'தான் அவருக்கு ஆயுதம். அந்தக் கொக்கி, அம்மாவின் களைக்கொத்து, அரிவாள், சைக்கிள் பம்பு எல்லாம் பலகைமேல் வரிசையாக இருக்க, அந்த வரிசையின் கடைசியில் என் டிவி கேம். பூஜையில் வைத்த எதையும் அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வூட்டுக்கு வந்த மிஷினுடா. மொதல்ல பூஜ, அப்புறம்தான் வேல."

"அது மிஷினு இல்லப்பா. வெளையாட்றது."

"கரண்ட்ல ஓடுதா, இல்லியா?"

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கொக்கிக்கு ஒரு பொட்டு போதும் என்று விட்டவர், டிவி கேமின் வயர் வைத்த ரிமோட்டைக் கையில் எடுத்ததும் பட்டன் பட்டனாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். விரலில் மீதி இருந்ததையும் வீணாக்காமல் பட்டன் ஓரத்திலேயே தடவிவிட்டார்.

மறுநாள் அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் வயர்களைச் சொருகித் தந்தார். படம் வந்தது, கலர் வரவில்லை. மஞ்சள் பின்னுக்குப் பக்கத்தில் தீக்குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்தபிறகு கலரும் வந்தது. அதில் ஒரு குட்டி ஆள் ஓடுவான், கொஞ்ச தூரத்தில் ஒரு குழி வரும், அதை அவன் தாண்ட வேண்டும். ஓடுகிற பட்டன் நன்றாக வேலை செய்தது. தாண்டுகிற பட்டன் மட்டும் சந்தனம் இறுகி உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நான் அழுத்த அழுத்த அவன் ஓடிப்போய் குழியில் விழுந்தான், மறுபடியும் வந்தான், மறுபடியும் விழுந்தான்.

"இன்னா மச்சான், ஒன் ஆளு பொட்டு வெச்சிக்கினு நேரா போயி குழில உழறான்?" என்றார் மாமா.

"புதுசு இல்ல? பழகணும்," என்றார் அப்பா.

"பழகறதுக்குள்ள என் சீரியலு முடிஞ்சிடும்," என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

நான் ஊக்கை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூஜ போட்ட பொட்ட நாம அழிக்கக் கூடாதுடா. தானா போவும்." கொக்கியில் வைத்த பொட்டு மூட்டையில் உரசி உரசித் தானாகப் போனதைப் பார்த்தவர் அவர். ரிமோட்டிலும் வெளியே இருந்ததெல்லாம் என் விரலில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது, உள்ளே இறங்கியதுதான் போகவில்லை. இதை எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு இப்போதும் தெரியாது.

இதில் ஒரு விஷயம் என்னவென்றால், குழிக்கு அந்தப் பக்கம் போக என்னைவிட அவருக்குத்தான் அவசரம். "அந்தப் பக்கம் இன்னாடா இருக்குது?" என்பார். "தாண்டுனாத்தானப்பா தெரியும்," என்பேன். ரிமோட்டை வாங்கி, குழி வந்ததும் அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்குவார், அவரும் பாதி எழுந்துவிடுவார், வயர் இழுத்து டிவிமேல் இருந்த கேம் பெட்டி கீழே விழும், அம்மா திட்டுவாள்.

அப்புறம் ஒரு வழி தெரிந்தது. கொக்கி பிடித்துக் காய்த்துப்போன அவர் கட்டைவிரலால் அமுக்கினால் அந்தப் பட்டன் சில நேரம் கேட்டது. ஆக ஒரே ரிமோட்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம், ஓட்டுவது நான், தாண்டுவது அவர். லாரியில் ஒருத்தர் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் மூட்டையைத் தூக்குவார்களாம், அதனால் நான் 'தூக்கு' என்று சொன்னால்தான் அவர் அமுக்குவார். நான் சொல்லி, அவர் கேட்டு, அமுக்குவதற்குள் அவன் குழிக்குள் போயிருப்பான். எத்தனை நாள் இந்தக் கூத்து நடந்ததோ. குழி கண்ணில் படுவதற்கு முன்பே குரல் கொடுக்க நான் பழகிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் "தூக்கு" என்றேன். அவன் எழும்பினான். அந்தப் பக்கம் கால் வைத்தான். அப்பா என் தோளைப் பிடித்தார், கரண்டு போய்விட்டது.

கரண்டு வந்தபிறகு அவன் பழையபடி முதல் இடத்தில் நின்றான்.

"மொதல்லருந்தா?"

"ஆமாம்பா."

"இன்னா மிஷினுடா இது, ஏத்துன மூட்டையெல்லாம் எறக்கிட்டுத் திரும்ப ஏத்தச் சொல்லுது."

அதற்கப்புறம் அவர் மலைக்குப் போனார். மழையில் கிழங்கு ஏற்ற முடியாமல் அங்கேயே தங்கினார். என் விரலுக்கு அந்தப் பட்டன் அசையவே இல்லை. பொங்கலுக்கு முன்பே அடாப்டர் கருகிவிட்டது, எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு நான் சென்னைக்குக் கட்டட சென்ட்ரிங் வேலைக்குப் போனபிறகு, போனில் அப்பா மற்றதைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்: "தாண்டுனியாடா?" கூலியை இழுத்தடித்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், "தாண்டிடுவேம்பா," என்பேன்.

இந்தத் தை மாதம் மலைப்பாதையின் ஒரு வளைவில் லாரி சாய்ந்துவிட்டது. அப்பா மேலே, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

நேற்று ஆயுத பூஜை. வருஷம் திரும்புகிறவரை எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை, பலகை போடவில்லை, சந்தனம் அரைக்கவில்லை. கொக்கி ஆணியில் தொங்குகிறது, அதில் போன வருஷத்துப் பொட்டு தேய்ந்து எப்போதோ போய்விட்டது. டிவி கேம் வாங்கிய கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த மஞ்சள் பின்னைச் சொருக எங்கள் புது டிவியில் ஓட்டையே இல்லை. அதே விளையாட்டு போனில் வருகிறது, கண்ணாடியை லேசாகத் தொட்டாலே தாண்டிவிடுகிறான். தாண்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கொஞ்சம் தரை இருக்கிறது, அப்புறம் இன்னொரு குழி, அவ்வளவுதான். இதைக்கூட அவரிடம் சொல்ல முடியவில்லையே என்று போனைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

பரணிலிருந்து சாக்கை இறக்கி, ரிமோட்டின் ஸ்குரூவைக் கழற்றித் திறந்தேன். தாண்டுகிற பட்டனுக்கு அடியில் சந்தனம் சுண்ணாம்புபோல இறுகிக் கிடந்தது, ஓரத்தில் குங்குமச் சிவப்பு கொஞ்சம் மிச்சம். ஊக்கால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். ஊக்கும் கையில்தான் இருந்தது.

தானாகப் போகும் என்றுதானே சொன்னார். ஊக்கைக் கீழே போட்டுவிட்டு, மூடியை வைத்து, ஸ்குரூவைப் பழையபடி முறுக்கினேன்.