வாப்பாவுக்குக் கூட்டிய ஒட்சிசன்

ஒலுவில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் செய்யும் வேலை, வீணாகப் போகும் காபனீரொட்சைட்டைப் பிடித்துப் போமிக் அமிலமாக மாற்றுவது. அதற்கு ஊக்கியாக நிக்கல் சேர்ந்த ஒரு சேர்வை வேண்டும். நிக்கலைப் போன்ற தாண்டல் உலோகங்களுக்குத்தான் அந்தப் பிடிவாதமான வாயுவை வளைக்கத் தெரியும். சாய்ந்தமருது வீட்டில் இதைச் சொன்னபோது, நெல் ஆலையின் உமிப் புகைக்குள் பாதி ஆயுளைக் கழித்த வாப்பா சிரித்தார்.

“சும்மா போற புகையப் புடிச்சி என்னத்தச் செய்யப் போறாய் புள்ள?”

“ரப்பர் பால உறைய வெக்கிற அசிட் வாப்பா.”

“அப்ப என்ட நெஞ்சுக்குள்ள இரிக்கிறதையும் எடுத்துக்கிட்டுப் போ. கனக்க இரிக்கி.”

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் நுரையீரல் கெட்டு, அவருடைய இரத்தத்தில் காபனீரொட்சைட்டு உண்மையிலேயே தேங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம் வந்தது. டொக்டர் அளவை நிமிடத்துக்கு ஒரு லீற்றரில் வைத்து, அதிலேயே இருக்கட்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாயுவைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர்.

குடுவைக்குள் இருக்கும் வேண்டாத வாயுவை விரட்ட, நாங்கள் இன்னொரு வாயுவை வேகமாக உள்ளே விடுவோம். வால்வைத் திறக்கத் திறக்கப் பழையது வெளியேறும். என் கை அதற்குப் பழகியிருந்தது. ஒரு நாள் பகல், உம்மா ளுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம், வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. நான் இயந்திரத்தின் அளவை ஒன்றிலிருந்து ஐந்தாக்கினேன். சற்று நேரத்தில் இரைப்பு அடங்கியது. முகம் சிவந்து, அயர்ந்து தூங்கினார். சாப்பிட எழுப்ப வந்த உம்மாவையும் தடுத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் அவர் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இப்படியான நோயாளிக்கு ஒட்சிசனை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு குறையாது, இன்னும் ஏறும் என்றார். நான் பார்த்தது தூக்கமில்லை, மயக்கம். வாப்பாவை நான் குடுவையாக நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் மௌத்தானார்.

உம்மா இப்போது வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தாவில் இருக்கிறார். துக்கம் விசாரிக்க வரும் பெண்களிடமெல்லாம் ஒரே கதைதான். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்பேன்.

“என்ட மகள் இந்தக் காத்துப் படிப்பெல்லாம் படிச்ச ஆள். அவதான் பக்கத்துல இருந்து பார்த்தவ. அவ இருந்தபடியாத்தான் மனிசன் ஒரு கஷ்டமும் இல்லாம நித்திரையானவர்.”

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார்.

“ஓம்தானே மகள்?”

“ஓம் உம்மா” என்கிறேன்.