பிள்ளையார் இருந்த பலகை

எங்கள் லாரியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலாமரப் பலகை கிடக்கிறது. ஒரு முழ நீளம், விரல் கனம். அதில் ஒரு குங்குமக் கறை. அதைக் கழுவ இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் இரும்புக்கடைக்காக, ராணுவம் கழித்துவிட்ட டீசல் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தோம். அதை ஓட்ட வந்தவர் ஹவில்தார் அண்ணாச்சி. பட்டாளத்தில் இதே வண்டிகளோடு காலம் கழித்தவர். இரண்டே விஷயத்தில் மகா கறார். காற்று வடிகட்டியின் அடியிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு கூடாது; எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சினால் அதையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். அடுத்தது, பலகை இருந்த இடத்தில் இருக்கவேண்டும். "டீசலை நிப்பாட்டினாலும் அது நிக்காது தங்கச்சி. காத்து போற வாயை இந்தப் பலகையால மூடணும், கேட்டோ" என்பார். நான் தலையாட்டுவேன். தலையாட்ட என்ன, காசா பணமா!

அன்று ஆயுதபூஜை. அவர் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போயிருந்தார். பூஜை நாளும் அதுவுமாக எண்ணெய் குறைவாக இருக்கலாமா என்று, விளக்குக்கு ஊற்றுவதுபோல் அந்தக் கிண்ணத்தைத் ததும்பத் ததும்ப நிரப்பினேன். பலகையைக் கழுவி வண்டிக்கு முன்னால் போட்டு, அதன்மேல் குங்குமமிட்டுப் பிள்ளையாரை வைத்தேன். எல்லாம் என் அதிமேதாவித்தனம்.

அவர் வந்து வண்டியைக் கிளப்பிய சற்று நேரத்தில் எஞ்சின் அலறத் தொடங்கியது. டீசலை நிறுத்தினார், நிற்கவில்லை. கியரில் போட்டு அடக்கலாமென்றால் எதிரே கடைக்காரர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். வெடித்தால் இரும்புத் துண்டுகள் அவர்கள்மேல் பாயும். குதித்திறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, காற்றுக் குழாயைப் பிடுங்கினார். உள்ளே போன எண்ணெய் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பலகையத் தா!"

பலகை என் காலடியில். நான் குனியவில்லை. "பிள்ளையார் இருக்காரே அண்ணாச்சி" என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வலது உள்ளங்கையை அந்த வாயில் வைத்து அழுத்தினார்.

எஞ்சின் திணறி நின்றது. அந்த வாயின் இரும்பு விளிம்பு கையைக் கிழித்திருந்தது. அவருடைய இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. எண்ணெய் ஊற்றியது நான்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். தெரியும் என்றார், அவ்வளவுதான்.

இந்த வருஷப் பூஜைக்கும் வந்தார். இடது கையால் வண்டிக்குச் சந்தனம் வைத்தார். இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப பிள்ளையாரு எங்க?" என்று கேட்டார்.

தரையில் இருக்கிறார் என்றேன்.